டாக்டர் மு. வரதராசனார்: தாலுகா கச்சேரியிலிருந்து சர்வகலாசாலைக்கு

1948-ம் வருஷத்தில் சென்னைச் சர்வகலாசாலை ஒரு தமிழாசிரியருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. சர்வகலாசாலைகள் பட்டம் வழங்குவதில் அதிசயம் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். 1857-ல் ஸ்தாபிக்கப்பட்ட அந்தச் சர்வகலாசாலை, தமிழ் வழங்கும் நகரில் இருந்துகொண்டே, தொண்ணூறு வருஷங்கள் கழிந்த பிறகுதான், தன் தமிழ்த் துறையில் ஆராய்ச்சி செய்த ஒருவருக்கு முதன்முதலாக அப்பட்டத்தை அளித்தது என்பதே அதிசயம். அதற்கு முன்னால், 1932-ல், மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையருக்கு அதே சர்வகலாசாலை டாக்டர் பட்டம் சூட்டியது உண்மை. ஆனால் அது ஒரு பெரியவரின் வாழ்நாள் தொண்டைக் கண்டு தலைவணங்கி அளித்த கௌரவப் பட்டம். ஓர் இளைஞர் ஆராய்ச்சி நூல் எழுதிப் பரீட்சகர்கள் முன் வைத்து, அது தேறிப் பட்டம் பெறுவது வேறு விஷயம். பௌதிகம், ரசாயனம், சரித்திரம், பொருளாதாரம் ஆகியவற்றுக்கெல்லாம் திறந்திருந்த அந்த வாசல், இந்நாட்டு மக்கள் பேசும் பாஷைக்கு 1948-ல்தான் திறந்தது. அந்த வாசலில் முதலில் நுழைந்தவர் டாக்டர் மு. வரதராசனார். அவர் ஒரு நாளாவது எந்தக் கலாசாலையிலும் மாணவராக அமர்ந்து தமிழ் படித்தவரல்லர்.

அவர் வடார்க்காட்டுக்காரர். வேலூருக்குக் கிழக்கே, சென்னைப் பெருஞ்சாலையை ஒட்டி, இன்று ஜில்லா கலெக்டர் ஆபீஸ் அமைந்திருக்கும் சத்துவாச்சாரியில் நின்று பார்த்தால் அவருடைய இளமைக்காலம் முழுவதையும் ஒரு சாலையில் அடக்கிவிடலாம். கிழக்கே இராணிப்பேட்டையைத் தாண்டினால் வாலாஜா. அதன் அருகே வேலம் என்ற கிராமம். மேற்கே ஆம்பூரையும் வாணியம்பாடியையும் கடந்தால் திருப்பத்தூர். வேலத்துக்கும் திருப்பத்தூருக்கும் இடையிலேயே அவருடைய முதல் இருபத்தேழு வருஷங்களும் கழிந்தன. வெளியூரார் இந்தப் பிரதேசத்தைத் தோலைக் கொண்டே அறிவார்கள். பாலாற்றங்கரையில் வரிசையாக நிற்கும் தோல் பதனிடும் சாலைகளும், அங்கிருந்து அயல்நாடுகளுக்குக் கப்பலேறும் சரக்கும், அந்தத் தொழிலால் கெட்டுப்போன ஆற்று நீரும் பலமுறை பத்திரிகைகளில் அடிபட்டவை. அதே பிரதேசம் ஒரு பெரிய கல்விமானைத் தந்தது என்பதை அவ்வூர்களில் உள்ளவர்களே இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை.

1912-ம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி முனுசாமி முதலியாருக்கும் அம்மாக்கண்ணு அம்மாளுக்கும் மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் திருவேங்கடம். ஆயினும் பாட்டனாரின் பெயராகிய வரதராசன் என்பதே வழங்கி நிலைத்துவிட்டது. வேலத்தில் எழுத்தறிவித்தார்கள், உயர்நிலைப் படிப்பு திருப்பத்தூரில். பதினாறாம் வயதில் பள்ளியிறுதிப் பரீட்சையில் தேறினார். தேறியவுடன் திருப்பத்தூர்த் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது.

அந்நாளில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இதைவிட வேறு பாக்கியம் வேண்டியதில்லை. சர்க்கார் உத்தியோகம், மாதம் பிறந்தால் சம்பளம், முதுமையில் பென்ஷன். ஜில்லா முழுவதும் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதன் நோக்கமே அதுதான். நம் தேசத்தின் புத்திசாலிப் பிள்ளைகளில் எத்தனை ஆயிரம் பேர் அந்த நாற்காலிகளில் அமர்ந்து கிஸ்துக் கணக்கும் பட்டா நகலும் எழுதியே தேய்ந்தார்கள் என்பதை யார் கணக்கெடுத்தார்கள்? வரதராசனாரும் அவர்களில் ஒருவராகியிருப்பார். அவரைக் காப்பாற்றியது நோய். குமாஸ்தா வேலையின் சுமை அவருடைய உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டு ஓய்வுக்காகக் கிராமத்துக்குத் திரும்ப நேர்ந்தது. குடும்பத்தார் கவலைப்பட்டிருப்பார்கள்; தமிழ்நாடு அந்த நோய்க்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஓய்ந்திருந்த காலத்தில் அவர் தமிழைப் பற்றிக்கொண்டார். திருப்பத்தூரில் முருகைய முதலியார் என்ற தமிழறிஞரிடம் அவர் பாடம் கேட்டவர். அவரிடம் பெற்ற அடிப்படையை வைத்துக்கொண்டு, மேற்கொண்டு தாமாகவே நூல்களைக் கற்றார். 1931-ல் வித்துவான் முன்னிலைப் பரீட்சையில் தேறினார். 1935-ல் வித்துவான் இறுதிப் பரீட்சைக்குத் தனியாகவே படித்து எழுதினார். கலாசாலைகளில் நான்கு வருஷம் ஆசிரியர்களின் காலடியில் அமர்ந்து படித்தவர்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, மாகாணத்தில் முதல்வராகத் தேறினார். முதலாவதாகத் தேறுகிறவருக்குத் திருப்பனந்தாள் மடம் ஏற்படுத்தியிருந்த ஆயிரம் ரூபாய்ப் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒரு தமிழாசிரியருக்கு ஆயிரம் ரூபாய் என்பது அந்தக் காலத்தில் சிறிய தொகையன்று.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்லுவது அவசியம். இன்றைய இளைஞர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்நாளில் கல்விக்கு இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று இங்கிலீஷ்ப் பாதை. பி.ஏ., எம்.ஏ. என்ற பட்டங்கள் அந்தப் பாதையில் கிடைத்தன. உத்தியோகமும் மதிப்பும் அதன் இரு மருங்கிலும் காய்த்துத் தொங்கின. மற்றது வித்துவான் பாதை. இலக்கணமும் இலக்கியமும் கரை காணக் கற்று, தொல்காப்பிய உரைகளில் மூழ்கி எழுந்து, பரீட்சையில் தேறினால் அதன் முடிவில் ஒரு பண்டிதர் வேலை காத்திருந்தது. பள்ளிக்கூடங்களிலும் கலாசாலைகளிலும் தமிழ்ப் பண்டிதர் என்றால் சம்பளத்தில் கடைசி, மேடையில் பின்வரிசை, மாணவர் பரிகாசத்துக்கு முதல் ஆள். இங்கிலீஷில் கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுக்கிறவருக்குப் புரொபஸர் என்று பெயர். தமிழ் சொல்லிக்கொடுக்கிறவருக்குப் பண்டிதர் என்று பெயர். இருவரும் ஒரே கட்டிடத்தில், ஒரே மணியோசைக்குப் பாடம் தொடங்கினவர்கள்தாம்.

இந்த வித்தியாசத்தை அறிய வடார்க்காட்டிலிருந்தே மற்றோர் உதாரணம் காட்டலாம். திருத்தணியில் பிறந்த ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்தார். அங்கிருந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்று தத்துவ சாஸ்திரத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார், 1936-ல் ஆக்ஸ்போர்டில் புரொபஸராக அமர்ந்தார், பின்னாளில் ராஷ்டிரபதியும் ஆனார். அவருடைய மேதை உலகறிந்தது. அதில் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அவர் நடந்த சாலை செப்பனிடப்பட்ட சாலை. உபநிஷத்தையும் வேதாந்தத்தையும் இங்கிலீஷில் விளக்குகிறவருக்கு அச்சாலை திறந்திருந்தது. அதே பிரதேசத்தின் மற்றோர் இளைஞர் சங்க நூல்களைத் தமிழில் கற்றபோது அவருக்கு முன்னால் சாலை இல்லை. ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. ஒவ்வோர் அடியையும் அவர் பரீட்சை எழுதித்தான் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

1935-ல் மாமன் மகளை மணந்துகொண்டு, திருப்பத்தூர் முனிசிபல் ஹைஸ்கூலில் தமிழாசிரியரானார். 1938 வரையில் அந்த வேலை. வித்துவான் பட்டத்தோடு நின்றுவிட்டால் வாழ்நாள் முழுதும் பண்டிதர்தான் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே மறுபடியும் தாமாகவே படித்து, 1939-ல் பி.ஓ.எல். பட்டம் பெற்றார். கீழ்நாட்டு மொழிக் கல்விக்கென்று சர்வகலாசாலை வைத்திருந்த பட்டம் அது, பி.ஏ.யின் வரிசையில் சேர்ந்தும் சேராததுமாகப் பக்கத்தில் ஒதுங்கி நின்ற பட்டம். எப்படியாயினும் அதைக் கொண்டு அவர் சென்னைக்குப் போனார். அவ்வருஷமே பச்சையப்பன் கலாசாலையில் தமிழ் விரிவுரையாளரானார்.

பச்சையப்பன் கலாசாலை அப்போது ஜார்ஜ் டவுனிலிருந்து சேத்துப்பட்டுக்கு இடம் மாறும் தறுவாயில் இருந்தது. தமிழர் ஒருவர் விட்டுச் சென்ற தர்மத்தால் நடந்த அந்த ஸ்தாபனத்துக்கு ஏழைப் பிள்ளைகளும் கிராமத்துப் பிள்ளைகளும் ஏராளமாக வந்தார்கள். தாமும் ஒரு கிராமத்துப் பிள்ளை என்பதை ஆசிரியர் மறக்கவில்லை. தமிழ் வகுப்பென்றால் தூங்கி எழும் நேரம் என்றிருந்த நிலை அங்கே மாறியது. உரைநடையில், பேச்சுக்கு அருகான இனிய தமிழில், பழைய பாட்டுக்களை இன்றைய வாழ்க்கையோடு சேர்த்து வைத்து அவர் பாடம் சொன்னார். அங்கு அவரிடம் பயின்றவர்களில் சி. பாலசுப்பிரமணியன், ம. ரா. போ. குருசாமி முதலியோர் பிற்காலத்தில் தமிழ்ப் பேராசிரியர்களாகப் புகழ் பெற்றார்கள். பாலசுப்பிரமணியன் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வைஸ்சான்ஸலராகவும் உயர்ந்தார்.

பகலில் வகுப்பு, மற்ற நேரத்தில் ஆராய்ச்சி. 1944-ல் தமிழ் வினைச்சொற்களின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி ஆராய்ந்து எம்.ஓ.எல். பட்டம் பெற்றார். 1945-ல் கலாசாலையின் தமிழ்த் துறைக்குத் தலைவரானார். மூன்று வருஷங்களுக்குப் பிறகு, நாம் முதலில் கூறிய டாக்டர் பட்டம் வந்தது. தேசம் சுதந்திரம் பெற்ற மறு வருஷம் அது.

அந்த ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், சங்க இலக்கியத்தில் இயற்கை. நூலையோ அவர் இங்கிலீஷில் எழுத வேண்டியிருந்தது. தமிழ்ப் பாட்டைப் பற்றித் தமிழர் ஒருவர், தமிழ்நாட்டுச் சர்வகலாசாலைக்கு அந்நிய பாஷையில் விண்ணப்பம் எழுதிக்கொடுத்தால்தான் அது ஆராய்ச்சியாகக் கருதப்படும் என்பது அந்நாளைய நியதி. இதைப் பற்றிக் கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும். அவர் கோபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, எழுதி முடித்தார். கலாசாலையில் முறையாக இங்கிலீஷ் பயிலாமல், தாமாகவே அதைக் கற்றுத் தேர்ந்த ஒருவர் ஷெல்லியையும் வோர்ட்ஸ்வொர்த்தையும் படித்து, அவர்கள் இயற்கையைப் பாடிய விதத்தையும் நம் முன்னோர் பாடிய விதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வல்லமையை அடைந்தது சாமானியமான காரியமல்ல.

அவர் கண்ட முடிவு எளியது, ஆனால் ஆழமானது. ஐரோப்பியக் கவிகளில் பலர் மலையையும் அருவியையும் அவற்றுக்காகவே பாடினார்கள். சங்கப் புலவர்கள் அப்படிப் பாடுவது மிக அரிது. அவர்களுக்கு இயற்கை என்பது மனித வாழ்க்கை நடக்கும் களம். மனிதர் உள்ளத்தில் எழும் உணர்ச்சிக்குப் பின்புலம். மலைச்சாரலில் தினைப்புனம் காக்கும் பெண்ணின் காதலை நீக்கிவிட்டால் குறிஞ்சி இல்லை. கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப் போன கணவனை எதிர்நோக்கும் மனைவியின் பொறுமை இல்லாவிட்டால் முல்லை வெறும் பூ. இவ்வாறு நிலமும் பொழுதும் முதற்பொருளாக, மரமும் புள்ளும் விலங்கும் கருப்பொருளாக, மனித உணர்ச்சியே உரிப்பொருளாக வகுத்த தொல்காப்பியர் மரபை அவர் நூல்முழுதும் வைத்துச் சோதித்தார். பின்புலம் என்பதால் புலவர்கள் அசட்டையாகப் பார்த்தார்கள் என்று எண்ணலாகாது. கபிலர் குறிஞ்சிப்பாட்டு ஒன்றிலேயே தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார். அடுப்பங்கரையில் பதுங்கும் பூனை முதல் வறட்சியில் மரப்பட்டையை உரித்துத் துணைக்கு ஊட்டும் யானை வரை அப்புலவர்களின் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை. மனிதனை மறக்காமல் இயற்கையைக் காணவும், இயற்கையை மறக்காமல் மனிதனைக் காணவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதே ஆராய்ச்சியின் சாரம். அந்நூல் பிறகு அச்சேறியது, தமிழிலும் வெளிவந்தது.

பண்டிதர்கள் இரு கட்சியாகப் பிரிந்து, சங்க நூல்கள் பதினாயிரம் வருஷப் பழமையுடையன என்று ஒரு சாராரும், வடமொழியிலிருந்து வந்தவையென்று மறு சாராரும் மல்லுக்கு நின்ற காலத்தில், பாட்டைப் பாட்டாகப் படித்து நியாயம் சொன்ன இந்த முறை புதியது. நமது அபிப்பிராயத்தில் அவருடைய நூல்கள் எல்லாவற்றிலும் நிலைத்து நிற்கத்தக்க தகுதி இதற்கே முதலாக உண்டு. ஜனங்கள் அவரை அறிந்ததோ வேறு நூல்களால்.

அவர் சர்வகலாசாலைக்காக எழுதிய அதே வருஷங்களில் சாதாரண வாசகர்களுக்காகவும் எழுதிக்கொண்டிருந்தார். 1946-ல் செந்தாமரை, 1947-ல் கள்ளோ காவியமோ, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நாவல்கள். இவற்றோடு அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்று கடித ரூபமான நூல்கள். மகாத்மா மறைந்த 1948-லேயே காந்தி அண்ணல் என்ற சரிதத்தையும் எழுதினார். பெர்னார்ட் ஷாவையும் தாகூரையும் தமிழருக்கு அறிமுகப்படுத்தினார். தேசபக்தன், நவசக்தி பத்திரிகைகளின் ஆசிரியராகிய திரு. வி. கலியாணசுந்தரனாரிடம் அவருக்கிருந்த பக்தி குருபக்திக்கு நிகரானது. அரசியலையும் தமிழையும் ஒழுக்கத்தையும் ஒரே மூச்சில் பேசிய அப்பெரியாரின் சாயலை வரதராசனாரின் எழுத்தில் பல இடங்களில் காணலாம். எளிய உணவு, எளிய உடை, இயற்கை வைத்தியத்தில் நம்பிக்கை ஆகியவையும் அந்த வழியில் வந்தவை. ஆனால் மேடையேறி அரசியல் பேசும் ஆசை அவருக்கு இருந்ததில்லை. கட்சிகள் தமிழின் பெயரால் மோதிக்கொண்ட வருஷங்களிலும் அவர் எந்தக் கட்சியின் கொடியையும் பிடிக்காமல், எல்லாக் கட்சியாராலும் மதிக்கப்பட்டே வாழ்ந்தார்.

நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் இங்கே சர்வகலாசாலை என்று எழுதுகிறோம்; அவர் எழுதியிருந்தால் பல்கலைக்கழகம் என்றுதான் எழுதியிருப்பார். வடசொல்லைத் தவிர்த்து எழுதும் கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். ஆயினும் அக்கூட்டத்தாரில் சிலருக்கு நேர்ந்த விபத்து அவருக்கு நேரவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டிய தனித்தமிழை அவர் எழுதவில்லை. நாலாவது வகுப்புப் படித்த நெசவாளியும் படித்துப் புரிந்துகொள்ளும் தூய தமிழ் அவருடையது.

இதற்குச் சாட்சி திருக்குறள் தெளிவுரை. 1949-ல் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் வெளியிட்ட சிறு புத்தகம், சட்டைப்பைக்குள் அடங்குவது. ஆயிரத்து முந்நூற்று முப்பது குறள்களுக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரிகளில் பொருள். விசேஷ உரையில்லை, இலக்கணக் குறிப்பில்லை, மேற்கோளில்லை, பாடபேத விவாதமில்லை. பரிமேலழகரின் உரை மகா மேதையின் படைப்பு. ஆனால் அந்த உரைக்கே ஓர் உரை தேவைப்பட்டது. வள்ளுவர் பொதுமக்களுக்காகப் பாடினார் என்று எல்லோரும் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்கள். பொதுமக்களின் கையில் வள்ளுவரைக் கொடுப்பதற்கு ஒருவர் தம் புலமையையெல்லாம் அடக்கிக்கொண்டு எழுத வேண்டியிருந்தது. புலமையைக் காட்டுவது எளிது. அதை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை எழுதிப் பார்த்தவர்களே அறிவார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பதிப்புக்கள் கண்ட அப்புத்தகம் பிரயாணிகளின் பையிலும், மாணவர்களின் மேஜையிலும், பேச்சாளர்களின் மடியிலும் இடம்பெற்றது. குறளை மேடையில் முழங்கிய அரசியல்வாதிகளில் பலருக்கு அதன் பொருளைச் சொல்லிக்கொடுத்த உபாத்தியாயர் அந்தச் சிறு புத்தகமே என்று நாம் சொன்னால் யாரும் வருந்த வேண்டியதில்லை.

நாவல்களைப் பற்றி நம் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அவற்றில் கதையை நிறுத்திவிட்டுப் பாத்திரங்கள் பிரசங்கம் செய்யத் தொடங்கும் இடங்கள் உண்டு. நல்லவர்கள் தாங்கள் நல்லவர்களென்று அறிந்தே பேசுவார்கள். இலக்கிய ரசிகர்கள் இதைக் குறையாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்நாவல்களைப் படித்த தலைமுறையைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். வரதட்சிணையையும் விதவையின் துயரத்தையும் ஏழையின் படிப்பையும் தம்பதிகளின் மனப்பிணக்கையும் பற்றி வீட்டில் யாரும் பேசாத காலத்தில், கிராமத்து வாசகசாலையில் எடுத்து வந்த அந்தப் புத்தகங்களில்தான் அவர்கள் அவ்விஷயங்களைப் பற்றி முதலில் யோசித்தார்கள். எத்தனையோ கலியாணங்களில் மணமக்களுக்கு அளித்த பரிசு அவருடைய நூலே. பெற்ற மனம் 1960-ல் சினிமாவாகவும் வந்தது.

அந்த நாவல்களில் 1958-ல் வெளிவந்த அகல் விளக்கு தனி. வாலாஜாப் பக்கத்து மண்ணில் வளர்ந்த இரண்டு சிநேகிதர்களின் கதை அது. ஒருவன் அழகும் அறிவும் நிரம்பிப் பிரகாசமாக எரிந்து, கட்டுப்பாடில்லாமல் அழிந்துபோகிறவன். மற்றவன் சாதாரணமானவன், சிறிய அகல்போல அடங்கி எரிந்து நிலைப்பவன். தாம் சிறுவயதில் நடந்த ஊர்களையும் தெருக்களையும் அவர் அதில் எழுதியதாலோ என்னவோ, மற்றவற்றில் இல்லாத உயிர் அதில் இருக்கிறது. 1961-ல் அந்நூலுக்கு சாகித்ய அகாதெமி பரிசளித்தது.

அதே 1961-ல் சென்னைச் சர்வகலாசாலையில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய ரா. பி. சேதுப்பிள்ளை காலமானார். அவருடைய ஸ்தானத்துக்கு வரதராசனார் வந்தார். ஒரு காலத்தில் வெளியாள் என்ற வரிசையில் நின்று பரீட்சைக் கட்டணம் செலுத்தியவர், அச்சர்வகலாசாலையின் தமிழ்த் துறைக்கே தலைவராகி, 1971 வரை பத்து வருஷம் வீற்றிருந்தார். ஆராய்ச்சி மாணவர்களை உருவாக்குவதே அங்கு அவருடைய பெரிய வேலை. மொழிநூல், மொழி வரலாறு முதலிய நூல்களால் மேல்நாட்டு மொழியியலைத் தமிழிலேயே கற்க வழி செய்து வைத்தவர் அவர். எடின்பரோவிலும் லண்டனிலும் பேசப்படும் சாஸ்திரத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று சந்தேகித்தவர்களோடு அவர் வாதாடவில்லை, சொல்லிக் காட்டினார். இன்று தமிழ் ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் நூலைத் தமிழிலேயே எழுதிப் பட்டம் பெறுகிறார்கள். அவர்களில் பலருக்கு முதல் டாக்டர் இங்கிலீஷில் எழுத நேர்ந்த கதை தெரியாது.

சாகித்ய அகாதெமிக்காக அவர் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு 1972-ல் வெளிவந்தது. இரண்டாயிரம் வருஷ இலக்கியத்தை ஒரு புத்தகத்தில் அடக்குகிறவர் சிலரை விட்டுவிட்டார் என்றும், சிலருக்கு அதிக இடம் கொடுத்தார் என்றும் புகார் வராமல் இராது. கல்லூரி மாணவர்கள் அதை இன்றளவும் படிக்கிறார்கள்.

1966-ல் ஸ்தாபிக்கப்பட்ட மதுரைச் சர்வகலாசாலைக்கு முதல் வைஸ்சான்ஸலராக இருந்தவர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். 1971-ல் அவருக்குப் பின் அப்பதவிக்கு வரதராசனார் நியமிக்கப்பட்டார். ஒரு சர்வகலாசாலையின் தலைமையில் ஒரு தமிழ்ப் பேராசிரியருக்குப் பின் மற்றொரு தமிழ்ப் பேராசிரியர் அமர்ந்தது அந்நாளில் பலருக்கும் வியப்பாக இருந்திருக்கும். பின்வரிசைப் பண்டிதர்களின் பரம்பரை முன்வரிசைக்கு வந்துவிட்டது.

அவ்வருஷத்திலேயே மதுரைச் சர்வகலாசாலை தபால் மூலம் கல்வி கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கலாசாலைக்குப் போக வசதியில்லாத குமாஸ்தாக்களும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களும் பட்டாளத்துச் சிப்பாய்களும் வீட்டிலிருந்தே பாடங்களைப் படித்துப் பட்டம் பெறத் தொடங்கினார்கள். வீட்டிலிருந்தே படித்தவர்களை மட்டமாக நினைக்கும் வழக்கம் கல்விமான்களிடம் அன்றும் இருந்தது, இன்றும் போகவில்லை. அத்திட்டம் நடந்த சர்வகலாசாலையின் தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்தவரோ, தாலுகா கச்சேரி வேலையை விட்டு வந்து வீட்டிலிருந்தே வித்துவான் பரீட்சைக்குப் படித்தவர்.

1972-ல் அமெரிக்காவின் ஒஹையோ ராஜ்யத்திலுள்ள ஊஸ்டர் கல்லூரி அவருக்கு இலக்கியப் பேரறிஞர் என்ற கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. இங்கே ஒருவரை மதிக்க வேண்டுமானால் முதலில் அவரை வெளிநாட்டார் மதித்திருக்க வேண்டும் என்ற பழக்கம் நம்மிடம் சுதந்திரத்துக்குப் பின்னும் போகவில்லை. ஆதலால் அந்தச் செய்திக்குப் பத்திரிகைகளில் நல்ல இடம் கிடைத்திருக்கும். தாம் பெற்ற பட்டங்களைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்ததாக அவரை அறிந்தவர்கள் யாரும் எழுதவில்லை. எண்பதுக்கு மேற்பட்ட நூல்களின் ஆசிரியர், சென்னையில் செனாய் நகரில் எளிய வாழ்க்கை நடத்தியவர், தம் பெயரை மு.வ. என்ற இரண்டு எழுத்தாகச் சுருக்கிக்கொண்டவர். அந்த இரண்டு எழுத்துக்கு மேல் தமிழ்நாட்டில் அவருக்கு விலாசம் தேவைப்படவில்லை.

வடார்க்காடு ஜில்லா பின்னர்ப் பலமுறை பிரிந்தது. 2019-ல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானபோது, அவர் வளர்ந்த வேலம் ஒரு ஜில்லாவிலும், அவர் படித்து, குமாஸ்தாவாகவும் ஆசிரியராகவும் உழைத்த திருப்பத்தூர் மற்றொரு ஜில்லாவிலும் அமைந்தன. நடுவிலுள்ள வேலூரில் 2002-ல் ஒரு சர்வகலாசாலை ஏற்பட்டது. அதற்குத் திருவள்ளுவர் பெயர் வைத்தார்கள். தோல் சாலைகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் சென்னை வரை போகாமலே பட்டம் பெறும் வழி அதனால் உண்டாயிற்று.

வரதராசனார் அதையெல்லாம் காணவில்லை. மதுரையில் வைஸ்சான்ஸலராக இருக்கும்போதே, 1974-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி, தமது அறுபத்திரண்டாம் வயதில் அவர் காலமானார்.